சுவரில் ஒரு வளைவு

முப்பது வருடமாகச் செங்கல் அடுக்குகிறேன்.
திருடனுக்கு எதிராக, நாய்க்கு எதிராக,
சரியும் மண்ணுக்கு எதிராக,
ஒருமுறை, ஒரு மாமியாருக்கு எதிராகவும்.
இன்னும் வராத ஒன்றுக்கு ஒதுங்கிக் கட்டியது
லிமாச்சேயில் மட்டும்தான்.

நிலம் ஆடியதில்
இரண்டு வீட்டுக்கும் நடுவே
பழைய மண்சுவர் படுத்துவிட்டது.
முளையடித்து நேராக நூல் பிடித்தேன்.
நோல்பெர்ட்டோ வந்து நூலை விரலால் தூக்கினார்,
ரயில் பட்டறையில் ஓய்வுபெற்ற விரல்,
நகக்கண்ணில் இன்னும் கிரீஸ்.
"இங்கே வளையணும். மரம் இருக்கு."

பார்த்தேன். புல் இருந்தது.
குனிந்து பார்த்தேன்.
மூன்று இலை, என் சாணுக்குள் அடங்கும்,
ஒன்றில் நத்தை.

பதினோரு கொட்டை போட்டாராம்,
மயோனைஸ் பாட்டிலில், ஈரமணலில்,
கொதிகலன் மேல் பதினான்கு மாதம்.
பத்து அழுகின.
"பெயர்த்து நடுவில் வைங்களேன்" என்றேன்.
"வேரைத் தொட்டால் கோபித்துக்கொள்ளும்."
அப்புறம் கையை விரித்துக் காட்டினார்.
இரண்டு பேர் கட்டிப்பிடித்தாலும்
விரல்கள் சந்திக்காத அடிமரமாம்.
முதலில் அகலத்தைச் சேர்க்குமாம்,
அதற்கே இருபது, முப்பது வருடம்.
உயரத்தை அப்புறம்தான் யோசிக்குமாம்.

தோட்டத்தின் அகலம் நாலு மீட்டர்.
அதில் எலுமிச்சை, சைக்கிள், கோழிக்கூடு.
அவருக்கு வயது அறுபத்து மூன்று.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வரட்டும் என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளைவென்றால் அடுத்த வீட்டு நிலம்.
அடுத்த வீடு இஸ்மேனியா,
மருந்துக்கடைக் கல்லாவில் இருப்பவள்,
சில்லறையை இருமுறை எண்ணுகிறவள்.
"எண்பது சென்டிமீட்டரா? எதற்கு?"
நோல்பெர்ட்டோ காட்டினார்.
அவள் சிரித்ததில் கண்ணாடி கழன்று
சிமென்ட் கலவையில் விழுந்தது.
துடைத்து மாட்டிக்கொண்டு
மறுபடி குனிந்தாள்.
"காய்க்குமா?"
"அறுபது வருடத்தில்."
"யாருக்கு?"

வைத்தவன் தின்னவும் மாட்டான்,
பார்க்கவும் மாட்டான்.
அவருக்குத் தெரியாதா?
எலுமிச்சையிலிருந்து ஓர் இலை கிள்ளி
மோந்துகொண்டு நின்றார்.

அவள் கேட்டது பணம் இல்லை.
அவள் பக்கம் புடைக்கிற வயிற்றில்
ஓர் இரும்பு வளையம் பதிக்க வேண்டும்,
துணிக்கொடி கட்ட.
மருந்துச் சீட்டின் முதுகில் எழுதினோம்.
சாட்சிக்கு என் பெயர், அதன் மேல் சுண்ணாம்பு விரல்.

வளைவுக்குக் கல் அதிகம் வேண்டும்.
ஒவ்வொன்றையும் சரிவாக வெட்ட வேண்டும்.
உதவிக்கு வந்த பையன் நாள் முழுக்க முணுமுணுத்தான்:
புல்லுக்குப் போய் மாதா கோயில் கட்டுகிறோம்.
மழை வந்தது. தார்ப்பாயை
சுவருக்குப் போர்த்தச் சொன்னேன்.
திரும்பிப் பார்த்தால்
பாதியை அந்தப் புல்லுக்குப் போர்த்தியிருக்கிறான்.

எட்டு வருடம் கழித்து
இஸ்மேனியா சமையலறைக்குப் பூச்சு வேலை.
அவள் பக்கம் வளையத்தில் கொடி,
கொடியில் ஈரப் போர்வை, மருந்துக்கடைக் கோட்டு.
எட்டிப் பார்த்தேன்.
இலைகள் என் இடுப்பைத் தாண்டிவிட்டன.
தண்டு இல்லை.
தண்டு வரும் இடத்தில் காலி,
காலியில் ஒரு கோழி.
ஓர் இலையின் நுனி மட்டும்
செங்கல்லைத் தொட்டு மடங்கியிருந்தது.

"சுவரைக் கண்டுபிடித்துவிட்டது" என்றார்,
பிள்ளைக்குப் பல் முளைத்த மாதிரி.
நடை தளர்ந்திருந்தது.
எனக்குச் சின்னப் பயம்.
அன்று கணக்குச் சரியாகப் போட்டேனா?
அவர் உள்ளே காப்பி எடுக்கப் போனபோது
டேப்பை நீட்டினேன்.

எண்பது சொன்னார்கள்.
நூறு இருந்தது.
ஆமாம், அன்று இரண்டு வீடும் தூங்கிய மதியத்தில்
ஒரு சாண் கூடுதலாகத் தள்ளி வைத்தேன்.
பில்லில் போடவில்லை.
இஸ்மேனியாவிடமும் சொல்லவில்லை.
நீங்களும் சொல்ல வேண்டாம்.